குரும்பட்டியின் சொந்தப் பெயர்

தன்னுடைய ஜனாஸா நல்லடக்கத்துக்கு வந்த சனங்களை, இடுப்பில் துவாயும் காதில் சவர்க்கார நுரையுமாக வாசலில் நின்று வரவேற்ற ஒரு மனிதனை எனக்குத் தெரியும்.

காலை ஒன்பது மணி தாண்டியிருக்கும். கடற்கரை வீதியின் மேல் அந்தத்தில் அவனுடைய வீடு. வளவு நிறைய ஆட்கள். தொப்பி போட்டவர்கள், அவசரத்தில் தொப்பி கிடைக்காமல் தலையில் லேஞ்சி கட்டியவர்கள், பாதி சவரம் செய்த கன்னத்தோடு ஓடி வந்த ஒருவர். சமையலறைப் பக்கம் பெண்களின் அழுகை. பள்ளிவாசலில் இருந்து பிரேதம் சுமக்கும் சந்தூக்கைத் தூக்கிக்கொண்டு நாலு பேர் ஒழுங்கைக்குள் திரும்பியே விட்டார்கள்.

புதிதாக வருகிற ஒவ்வொருவரும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு "இன்னாலில்லாஹி" என்று தொடங்குவார்கள். பிறகு துவாயோடு நிற்பவனைக் காண்பார்கள். மிச்சத்தை ஓதுவதா விடுவதா என்று தெரியாமல் வாயைத் திறந்தபடி நிற்பார்கள்.

"நீ மௌத்தாகல்லையாடா?" என்று இறைச்சிக்கடைக் காக்கா கேட்டார். குரலில் சந்தோசத்தைவிடக் கோபம்தான் கூட. கடையைப் பூட்டிவிட்டு வந்திருக்கிறார்.

"இல்ல காக்கா. குறை நினைக்காதீங்க" என்றான் அவன்.

போன கிழமை எழுதியதைப் படித்த வாசகர் ஒருவர், இந்தத் தொடரில் வருகிற ஆட்களின் பெயர்களை மாற்றித்தான் எழுதுகிறேனா என்று கடிதம் போட்டிருந்தார். எங்கள் ஊரில் பெயரை மாற்றத் தேவையில்லை. பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில் உள்ள பெயரை எழுதினால் போதும், ஆள் யாரென்று பக்கத்து வீட்டுக்கே தெரியாது. இந்த உண்மையை ஒரு நாவல் வாசித்ததால்தான் நாங்கள் கண்டுபிடித்தோம். அதற்கு நாங்கள் கொடுத்த விலைதான் மேலே சொன்ன காட்சி.

அட்டை இல்லாத புத்தகம்

சூறாவளி எங்கள் வாசிகசாலையின் கூரையைக் கழற்றிக் கொண்டுபோய் வயலில் போட்டிருந்தது. நனைந்த புத்தகங்களைக் கருவாடு காயப்போடுவது போலப் பாயில் பரத்திக் காயவைத்தோம். காய்ந்த பிறகு ஒவ்வொன்றும் இரண்டு மடங்கு பருத்துப்போய் இருந்தது. பாயின் பழைய உபயோகம் காரணமாக எல்லாவற்றிலும் நெத்தலி வாசம்.

நான் அப்போது வாசகர் வட்டத்தின் செயலாளர். வட்டத்தில் ஒன்பது பேர். அதில் வாசிக்கிறவர்கள் நாலு பேர். மற்ற ஐவரும் பிளேன்டீக்காக வருகிறவர்கள், ஆனால் விமர்சனத்தில் அவர்கள்தான் கடுமை.

அந்த நாவலுக்கு அட்டை இல்லை. முதல் பதினைந்து பக்கமளவில் இல்லை. தலைப்பு என்ன, எழுதியவர் யார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. பெயரைப் பற்றிய நாவல் பெயரில்லாமல் வந்து சேர்ந்ததை வைத்து ஒரு நீளமான கட்டுரை எழுத அந்த வயதில் யோசித்திருந்தேன். நல்ல காலம், சோம்பல் விடவில்லை.

கதை இதுதான். பட்டணத்தில் வீட்டு வேலை செய்யும் ஒருவன். ஒரு வீட்டில் எசமானுக்கும் அவனுக்கும் ஒரே பெயர் என்பதால் வேறு பெயர் வைக்கிறார்கள். அடுத்த வீட்டில் பழைய வேலைக்காரனின் பெயரையே இவனுக்கும் வைத்துக் கூப்பிடுகிறார்கள், புதுப் பெயர் பழக அவர்களுக்கு அலுப்பு. இப்படியே நாலைந்து வீடு. கடைசியில் கிழவனாகி, மழைக்கு ஒதுங்கிய இடத்தில், ஒரு தெருநாயிடம் தாய் வைத்த பெயரைச் சொல்லுகிறான். நாய் வாலாட்டுகிறது. நாவல் முடிகிறது.

கூட்டத்தில் நான் எழும்பி, "நாய் எந்தப் பேரைச் சொன்னாலும் வாலாட்டும், இது ஒரு முடிவா" என்று சொல்லி ஐந்து பிளேன்டீக்காரர்களின் கைதட்டலையும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். அப்போது குரும்பட்டி எழும்பினான்.

குரும்பட்டி என்பவன் சந்தைக்கு முன்னால் தையல் கடை வைத்திருந்த என் கூட்டாளி. இருவரும் ஒரே வகுப்பில் படித்தோம், ஒரே வருடத்தில் கலியாணம் முடித்தோம். வாசகர் வட்டத்தில் உண்மையாக வாசிக்கிற நாலு பேரில் ஒருவன். அதுவரை ஒரு கூட்டத்திலும் வாய் திறந்தவன் இல்லை.

"அந்த ஆளுக்குக் கடைசியில ஒரு நாயாச்சும் கிடைச்சிச்சி" என்றான். "நான் என்ட பேர ஆருக்கிட்டச் சொல்ற? என்ட மகள் போன கிழமதான் முதலாம் வகுப்புல சேர்ந்தாள். டீச்சர் வாப்பாட பேரக் கேட்டிருக்கா. புள்ள எழும்பி நிண்டு குரும்பட்டி எண்டு சொல்லியிருக்காள். வகுப்பே சிரிச்சிரிக்கி. அவளுக்கு ஏன் சிரிக்காங்க எண்டும் தெரியா. ஊட்ட வந்து என்னக் கேக்காள், வாப்பா, குரும்பட்டி எண்டா பகிடியா எண்டு."

பிளேன்டீக்காரர்களில் ஒருவர் சிரித்துவிட்டார்.

"சிரிக்க வேணா" என்றான். "நாளைக்கு அவளக் குரும்பட்டிர மகள் எண்டுதான் ஊரே கூப்பிடும். அவள்ட புள்ளையையும் அப்பிடித்தான். இது என்னோட நிக்கணும். எனக்கொரு பேரு இரிக்கி. நான் மௌத்தாகிற எண்டாலும் அந்தப் பேருலதான் மௌத்தாகுவன்."

அந்த நாவலுக்கு எத்தனையோ விமர்சனம் வந்திருக்கலாம். அதைவிட நல்லதொன்று வந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

ஒரு காயின் வரலாறு

பட்டப்பெயர் எங்கள் பக்கம் மனிதர்களுக்கு நிழல் மாதிரி. காரணம் எளிது. மீராசாகிபு, ஆதம்பாவா, இஸ்மாயில், அகமதுலெப்பை என்று ஏழெட்டுப் பெயர்களை வைத்துக்கொண்டு ஒரு முழு ஊரையும் சமாளிக்க வேண்டும். போதாக்குறைக்கு வாப்பாவின் பெயரும் முன்னால் வந்து ஒட்டிக்கொள்ளும், அதுவும் அதே ஏழெட்டில் ஒன்று. பட்டப்பெயர் இல்லாவிட்டால் தபால்காரர் பைத்தியமாகிவிடுவார்.

எனக்கும் ஒன்று உண்டு. அதை இங்கே எழுதப் போவதில்லை. கேட்டே ஆக வேண்டும் என்கிறவர்கள் கல்முனைச் சந்தையில் விசாரித்துக்கொள்ளலாம், சொல்லத் தயங்குகிறவர்கள் அங்கே குறைவு.

பின்னாளில் வீதியில் மறித்து, அடையாள அட்டையை வாங்கி, அதில் உள்ள பெயரை வைத்து ஆளை நிறுத்துவதா விடுவதா என்று பார்க்கிற காலமும் வந்தது. அதை இந்தக் கதைக்குள் கொண்டுவர எனக்கு மனமில்லை.

குரும்பட்டிக்கு அந்தப் பெயர் வந்தது ஏழு வயதில். சுன்னத்து வைக்க நாள் குறித்து, விருந்துக்கு ஆட்டை அறுத்து, ஒஸ்தா மாமா கத்திப் பையோடு வந்து திண்பண்டம் தின்றுகொண்டிருந்தபோது சுன்னத்து மாப்பிள்ளையைக் காணவில்லை. தேடினால், பின்வளவுச் செவ்விளநீர் மரத்தின் தலையில் இருக்கிறான். இறங்கச் சொன்ன ஒஸ்தா மாமாவின் வழுக்கையைக் குறிபார்த்து, தென்னம்பிஞ்சான குரும்பட்டியைப் பிடுங்கிப் பிடுங்கி எறிந்திருக்கிறான். மூன்றாவது சரியாகப் பட்டது. அரை மணித்தியாலத்தில் அவனை இறக்கி அலுவலை முடித்துவிட்டார்கள். பெயரை மட்டும் இறக்க முடியவில்லை.

அளவுக் கொப்பி

கூட்டம் முடிந்த அடுத்த நாளே வேலை தொடங்கியது. சந்தைக் கடையின் முகப்பில் "இஸ்மாயில் தையலகம்" என்று பலகை ஏறியது. "குரும்பட்டி, களிசான் தைச்சாச்சா" என்று கேட்டு வருகிறவர்களுக்குத் தைக்கவில்லை என்று பதில். "இஸ்மாயில் காக்கா" என்று வருகிறவர்களுக்கு அன்றைக்கே கிடைக்கும். நோன்புப் பெருநாளுக்கு இரண்டு மாதம்தான் இருந்தது. ஊர் மிக விரைவாகப் பாடம் படித்தது.

நியாயமான மனிதன் என்பதால் மற்றவர்களுக்கும் அந்த மரியாதையைச் செய்தான். அளவெடுக்கிற கொப்பியில் அதுவரை "நண்டுக்கால்", "ஊமைச் சாச்சா", "கப்பல்" என்றுதான் இருந்தது. அதையெல்லாம் கிழித்துப்போட்டுப் புதுக் கொப்பியில் எல்லாருடைய சொந்தப் பெயரையும் எழுதினான். அதில் அகமதுலெப்பை மட்டும் ஏழு பேர்.

பெருநாள் காலையில் அந்த ஏழில் ஒருவரான அரசாங்கக் கச்சேரி கிளாக்கர், ஆளே எலும்பும் தோலும், இறைச்சிக்கடைக் காக்காவின் களிசானைக் கையால் பிடித்துக்கொண்டு தொழ வந்தார். காக்கா கிளாக்கருடைய களிசானுக்குள் ஏற முயன்று, தோற்று, மருதமுனைச் சாரனோடு வந்தார். தொழுகை முடிந்து கைகோத்து முஸாபஹா செய்யும்போது இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

இஸ்மாயில் அசரவில்லை. வீட்டில் மகள் நஸ்றீனுக்குத் தினமும் பாடம் நடந்தது. இரண்டு கையையும் கட்டிக்கொண்டு நின்று, "என்ட வாப்பாட பேரு மீராசாகிபு முகம்மது இஸ்மாயில்" என்று மூச்சுவிடாமல் சொல்ல வேண்டும். சொன்னால் தேன்குழல். பிள்ளை தேன்குழல் தின்று தின்று பெயரைப் பிழையில்லாமல் பழகிவிட்டது.

கடைசியாக நாங்கள் இருவரும் பள்ளிவாசல் நிர்வாகிகளான மரைக்கார்மாரிடம் மனுக் கொண்டுபோனோம். மௌத்து அறிவிக்கும்போது பட்டப்பெயரை மைக்கில் சொல்லக் கூடாது என்பது மனு. ஒருவரை ஒருவர் பட்டப்பெயரால் அழைக்க வேண்டாம் என்று குர்ஆனிலேயே இருக்கிறது என்று மௌலவி எங்கள் பக்கம் பேசினார். தலைமை மரைக்காருக்கும் தாங்க முடியாத பட்டப்பெயர் ஒன்று இருந்தது. மனு ஒரே நிமிடத்தில் நிறைவேறியது. அதை எழுதிய பெருமை எனக்கு.

கோமாரியார்

அதற்குப் பிறகு ஆறேழு மாதம் இருக்கும். என் வீடு கடற்கரை வீதியின் கீழ் அந்தத்தில், அலை கேட்கிற இடத்தில். காலையில் பக்கத்துக் குடிசையில் இருந்து ஒரு பெண் ஓடி வந்தார். கோமாரியாருடைய மனைவி.

கோமாரியார் சைக்கிளில் மீன் கொண்டுபோய் விற்கிறவர். எப்போதோ கோமாரியில் இருந்து வந்து தங்கியவர்கள், பிள்ளை குட்டி கிடையாது. எங்கள் ஊரில் ஆளுக்கொரு குடி உண்டு, உம்மா வழியாக வருவது. ஒருவர் மௌத்தானால் அந்தக் குடியின் மரைக்கார் ஆள்விட்டுச் சொல்லி அனுப்புவார். கோமாரியாருக்கு இங்கே குடியும் இல்லை, மரைக்காரும் இல்லை. ஆனால் அவர் ஹோர்ன் சத்தம் கேட்டால் ஊரில் உள்ள எல்லாப் பூனையும் வாசல் படலைக்கு வந்துவிடும். அவர் கையால் மீன் வாங்கித் தின்னாத வீடு இருந்திருக்காது.

"எழுப்பினன், எழும்புறாரில்ல தம்பி" என்றார் மனைவி.

போய்ப் பார்த்தேன். முடிந்துவிட்டது. றங்குப் பெட்டிக்குள் இருந்த அடையாள அட்டையை எடுத்து வந்து தந்தார். மீராசாகிபு முகம்மது இஸ்மாயில். நம்முடைய தையல்காரனின் பெயர் எழுத்துக்கு எழுத்து அப்படியே. எனக்கு உள்ளுக்குள் ஒரு சிரிப்புக்கூட வந்தது. மூன்று வீட்டுக்கு ஓர் இஸ்மாயில் இருக்கிற ஊரில் இதில் ஆபத்து இருப்பதாக என் மூளைக்கு எட்டவில்லை.

சீட்டு எழுதினேன். கடற்கரை வீதியைச் சேர்ந்த மீராசாகிபு முகம்மது இஸ்மாயில் அவர்கள் வபாத்தானார்கள், லுஹர் தொழுகைக்குப் பின் நல்லடக்கம். கோமாரியார் என்று ஒரு சொல் போடவில்லை. நானே எழுதிய மனுவை நானே மீறுவதா?

பள்ளிவாசலுக்குச் சைக்கிளை மிதித்தேன். பாங்கு சொல்லும் மோதினார் கிணற்றடியில் இருந்தார். சீட்டை மைக் மேசையில் வைத்துப் பறக்காமல் இருக்க மேலே தஸ்பீஹ் மணியையும் வைத்துவிட்டுத் திரும்பிவிட்டேன். அப்போதெல்லாம் அப்படித்தான் வைத்துவிட்டு வருவது.

குடிசைக்கு வந்து சேர்ந்தபோது அறிவித்தல் தொடங்கியது. மோதினாரின் குரல் தழுதழுத்தது. கோமாரியாருக்காக இவ்வளவு உருகுகிறாரே என்று நான் நினைத்துக்கொண்டேன். தலைமாட்டில் இருந்த மனைவி முழுவதையும் கவனமாகக் கேட்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஆரோ பாவம், அவரும் நம்மட வீதியாம்" என்றார். "எங்கட ஊட்டு மௌத்த எப்ப தம்பி சொல்லுவாங்க?"

எனக்கு அந்த இடத்திலேயே புரிந்திருக்க வேண்டும். "இப்ப வருவாங்க" என்று சொல்லிக்கொண்டு வாசலில் நின்றேன். அரை மணித்தியாலம் போனது. கரைவலைக்காரர் இரண்டு பேர், பாலமுனையில் இருந்து கருவாடு வாங்க வந்த ஒருவர். வேறு ஒருவரும் வரவில்லை. ஒன்றிரண்டு பூனைகள் மட்டும் சைக்கிளைச் சுற்றி வந்தன.

எனக்கு வெட்கமாக இருந்தது. ஊர் மேல் கோபமும் வந்தது. கேட்டுவிட்டு வருகிறேன் என்று வீதியில் ஏறினேன். மேல் அந்தத்தில் சனம் தெரிந்தது.

நுரை

அவன் கிணற்றடியில் முகத்துக்குச் சவர்க்காரம் போட்டுக்கொண்டு நின்றபோதுதான் அறிவித்தல் கேட்டிருக்கிறது. "மைக்குல நல்லாத்தான் இருந்திச்சி மச்சான்" என்று பிற்பாடு ஒத்துக்கொண்டான். "முழுப் பேரும், அவர்கள் எண்டு மரியாதையும். ரெண்டாம் தரம் சொல்லக்குள்ளதான் மௌத்தானது நான் எண்டு விளங்கிச்சி."

ஏழு இஸ்மாயிலோ எழுபது இஸ்மாயிலோ, ஊரில் இஸ்மாயில் என்று கூப்பிடப்பட்டவன் அவன் ஒருவன்தான். மற்றவர்களெல்லாம் கப்பலாகவும் நண்டுக்காலாகவும் பத்திரமாக இருந்தார்கள்.

சனத்துக்குள் நுழைந்து நான் கேட்டது இதுதான். கடையில் மாதக்கணக்கில் "இஸ்மாயில் காக்கா, இஸ்மாயில் காக்கா" என்று தேனாக ஒழுகியவர்கள் எல்லாரும், "குரும்பட்டி எவ்வளவு நல்லவன்", "குரும்பட்டிர கைக்கு நிகரில்ல" என்று சொல்லிக்கொண்டு நின்றார்கள். உயிரோடு நிற்பவனைக் கண்ட பிறகும் நிறுத்தவில்லை. கிளாக்கர் அவனைக் கட்டிப்பிடித்து அழுதார். அழுது முடித்து, போன கிழமை கொடுத்த துணியைப் பற்றியும் விசாரித்தார்.

நான் அவனை ஒரு பக்கம் இழுத்து விசயத்தைச் சொன்னேன்.

"மௌத்தானது கோமாரியாரு. அவருக்கும் உன்ட பேருதான். நான்தான் எழுதினன். அங்க மூணு பேர்தான் நிக்காங்க."

அவன் வளவு நிறைய நின்ற சனத்தைப் பார்த்தான். காதில் நுரை வெடித்துக் காய்ந்துகொண்டிருந்தது.

"அந்தப் பொம்புள தனியா?" என்றான்.

"ஓம்."

உடனே ஏதோ நினைவு வந்தவன் போல முகம் மாறிவிட்டது. "மச்சான், புள்ள பள்ளிக்கூடத்துல" என்றான். "அவளுக்கு இந்தப் பேரு தெரியும்."

பாடசாலை பள்ளிவாசலுக்கு அடுத்த மதில். ஒலிபெருக்கியின் வாய் வகுப்பைப் பார்த்தபடிதான் இருக்கும்.

மைக்

அவன் ஓடினான். துவாயை ஒரு கையால் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு ஓடினான். பின்னால் நானும், எங்களுக்குப் பின்னால் ஜனாஸாவுக்கு வந்த சனமும் ஓடினோம். எதிரே வந்த சந்தூக்குக்காரர்கள் மையத்து ஓடுவதைக் கண்டு சந்தூக்கை வேலியோரம் வைத்துவிட்டார்கள்.

பள்ளிவாசலுக்குள் நுழைந்த அவனைக் கண்டதும் மோதினார் இரண்டு எட்டுப் பின்னால் வைத்தார். அவன் மைக்கை எடுத்தான்.

"அஸ்ஸலாமு அலைக்கும். நான்..."

அதற்கு மேல் வரவில்லை. மைக் இரைந்தது. நான் கதவடியில் நின்று அவன் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன பெயரைச் சொல்லப் போகிறான்? இஸ்மாயில் என்றால் மௌத்தானவர் கதைப்பது போல இருக்கும்.

"நான் குரும்பட்டி கதைக்கன்" என்றான். "மௌத்தானது நான் இல்ல. மீன்காரக் கோமாரியாரு மௌத்தாகிட்டாரு. கடக்கரையில அவர்ர ஊட்ட ஆருமில்ல. எல்லாரும் அங்க போங்க."

மைக்கை வைக்கப் போனவன் திரும்பவும் எடுத்தான்.

"நஸ்றீன், வாப்பாக்கு ஒண்டுமில்ல மகள். குரும்பட்டி உசிரோடதான் இரிக்கன்."

எங்கள் பள்ளி ஒலிபெருக்கியில் அதற்கு முன்னும் பின்னும் அப்படியொரு அறிவித்தல் வந்ததில்லை. மரைக்கார்மார் தீர்மானத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அடுத்த கால்மணித்தியாலத்தில் கடற்கரை வீதி முழுவதும் கீழ்நோக்கி நடந்தது. "கோமாரியாரா? நேத்தும் சூடைமீன் தந்தாரே" என்று பெண்கள் வேலிக்கு வேலி சொல்லி அழுதார்கள். குடிசை வாசலில் இடம் போதாமல் சனம் மணலில் நின்றது. கோமாரியாரின் மனைவி எழும்பி வந்து எல்லாரையும் பார்த்துவிட்டு, "இப்பதான் சரியாச் சொன்னாங்க தம்பி" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அடக்கம் முடிந்து மையவாடியில் லெப்பை தல்கீன் ஓதினார். கபுறில் இருக்கிறவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வானவர்கள் வந்து கேட்பதற்கு இன்ன இன்ன பதில் சொல் என்று ஓதிக் கொடுப்பது அது. இஸ்மாயிலே என்று லெப்பை கூப்பிட்டார். என் பக்கத்தில் நின்ற குரும்பட்டி என் முழங்கையைப் பிடித்தான்.

திரும்பி வரும்போது சொன்னான்:

"அந்த மனுசன ஆரும் ஒரு நாளும் அந்தப் பேருல கூப்பிட்டதில்லையே. அவருக்கு விளங்குமா மச்சான்? வேற ஆரையோ கூப்பிர்றாங்க எண்டு பேசாமக் கிடந்திட்டா?"

நாவலின் முடிவைப் பற்றி நான் சொன்ன பகிடியும், அந்த நாயும் ஞாபகம் வந்தன. நான் கெட்டித்தனமாகப் பேசிக் கைதட்டு வாங்கினேன், அவ்வளவுதான்.

"நீ என்ன செய்யப் போறா? பலகையக் கழட்டுவியா?" என்று கேட்டேன்.

"மகள்தான் தீர்ப்புச் சொல்லிட்டாளே" என்றான்.

மைக்கை வைத்துவிட்டு நேராகப் பாடசாலைக்குத்தான் போயிருக்கிறான். முதலாம் வகுப்பில் முப்பது பிள்ளைகள் தொப்பியோடும் முக்காட்டோடும் உட்கார்ந்திருக்க, முதல் அறிவித்தலைக் கேட்டு எழும்பி நின்று கத்தி அழுதது நஸ்றீன் மட்டும்தானாம். ஏனென்று டீச்சருக்கே விளங்கவில்லை. துவாயோடு வாசலில் நின்றவனைக் கண்டதும் பிள்ளைகள் எல்லாம் "குரும்பட்டி, குரும்பட்டி" என்று கூவியிருக்கிறார்கள். அவள் ஓடி வந்து அவன் காலைக் கட்டிக்கொண்டு, காதில் இருந்த நுரையைத் துடைக்கச் சொல்லிக் குனிய வைத்திருக்கிறாள்.

"நீங்க குரும்பட்டியாவே இரிங்க வாப்பா" என்றாளாம். "இஸ்மாயிலுதான் மௌத்தாகிட்டாரே."